எதிர்ப்பக்கத்து மாமா

லிஃப்ட் நான்காவது மாடிக்குப் போவதற்குள் மாமா எல்லாவற்றையும் கறந்துவிடுவார். பையனுக்கு எங்கெங்கே அட்மிட் வந்திருக்கிறது, ஃபீஸ் எவ்வளவு, லோன் எந்த பேங்க்கில் என்று ஒன்று பாக்கியிருக்காது. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். துடைக்க ஆரம்பித்தாலே தெரிந்துகொள்ளலாம், அடுத்து வருவது 'ஆனா'.

"கனடாவா? நல்லதுதான். ஆனா... அமெரிக்கா கிடைக்கலையா?"

பையன் அமெரிக்கா என்று சொல்லியிருந்தாலும் கண்ணாடி அதே வேட்டி நுனிக்குத்தான் போகும். "அமெரிக்காவா? நல்லதுதான். ஆனா... கனடாவுக்குப் போடலையா?"

மாமா கனடா கட்சியும் இல்லை, அமெரிக்கா கட்சியும் இல்லை. நீங்கள் எந்தப் பக்கமோ, அதற்கு எதிர்ப்பக்கம்.

வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பையனுக்கு அவர் நடத்திய வகுப்பைக் கேளுங்கள். "வாட்டர்லூ கோ-ஆப்புக்குப் பேர்போனதுதான் தம்பி, படிக்கும்போதே கம்பெனியில வேலை பார்க்கலாம். ஆனா 2024 ஜனவரியில வெளிநாட்டு மாணவர்களுக்கு உச்சவரம்பு போட்டுட்டான் பார்த்தியா? செலவுக்குக் காட்டவேண்டிய பணம் 10,000 டாலரா இருந்தது, அந்த மாசமே ஒரே அடியில 20,635 ஆயிடுச்சு. சீக்கிரமா விசா குடுக்கிற திட்டத்தையும் அதே வருஷம் நவம்பர்ல இழுத்து மூடிட்டான். சுந்தர் பிச்சை எங்க படிச்சார்? ஸ்டான்ஃபோர்டு!"

பையன் இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாவது நாள், வந்திருந்த அமெரிக்க அட்மிட்டையே எடுத்துக்கொள்கிறேன் என்று மாமாவிடம் சொல்லிவிட்டான். கண்ணாடி கழன்றது.

"நல்லதுதான். ஆனா எச்1பி வேலை விசா வருஷத்துக்கு 85,000தான். அதுவும் லாட்டரி. 2025 செப்டம்பர்ல புது எச்1பிக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம்னு ட்ரம்ப் கையெழுத்துப் போட்டார். எந்தக் கம்பெனி உனக்காகக் கட்டும்? கிரீன் கார்டுல ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதத்துக்கு மேல கிடையாது, நம்ம ஆளுங்க க்யூ எங்கேயோ நிக்குது. 2024-ல இயற்பியல் நோபல் வாங்கின ஜெஃப்ரி ஹின்டன் எந்த ஊர்ப் பேராசிரியர்? டொராண்டோ!"

இவர் சொல்வதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அதுதான் கொடுமை. புளுகு என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். மாமா செய்தியைப் பாதி வரை படிக்கிறவர். ஏற்கெனவே மாணவர் விசாவில் அமெரிக்காவில் இருப்பவர் அங்கிருந்தபடியே எச்1பிக்கு மாறினால் அந்த ஒரு லட்சம் டாலர் கிடையாது என்று அடுத்த மாதமே விளக்கம் வந்துவிட்டது. கனடாவிலும் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுகலை, முனைவர் படிப்புக்குப் போகிறவர்களுக்கு 2026 ஜனவரி முதல், அந்த உச்சவரம்புக்காகக் கேட்கும் மாகாணச் சான்றுக் கடிதம் தேவையில்லை. இதெல்லாம் மாமா வாங்குகிற பேப்பரில் மட்டும் வருவதேயில்லை.

படித்து முடித்தபின் வேலை பார்க்கக் கிடைக்கிற காலமும் அப்படித்தான். அமெரிக்காவில் ஓபிடி ஒரு வருஷம், அறிவியல், தொழில்நுட்பப் படிப்பு என்றால் இன்னும் இரண்டு. கனடாவில் முதுகலை முடித்தவருக்கு மூன்று வருஷம் வரை அனுமதி. ஆக அந்தப் படிப்புகளில் இரண்டு பக்கமும் மூன்றுதான். கனடாவில் அந்தக் காலத்தில் முதலாளியை மாற்றுவது சுலபம். அமெரிக்காவில் நீட்டிப்புக் காலத்துக்குக் கம்பெனியும் ஒத்துழைக்கவேண்டும். உட்கார்ந்து பேசவேண்டிய வித்தியாசம் இது. மாமா பேசுவது குளிரைப் பற்றி.

"கனடாவில பல்லு கிட்டிப்போயிடும் பாப்பா!" அந்தப் பெண் அமெரிக்காவின் பஃபலோவுக்குப் போகிறாள் என்றால் தலையாட்டி ஆசீர்வாதம் செய்வார். எல்லைக்கு அந்தப் பக்கம் டொராண்டோவில் கொட்டுவதைவிட அதிகமான பனி பஃபலோவில் கொட்டுகிறது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் டொராண்டோவுக்கு வடக்கே இருக்கிறது. கனடாவின் விண்ட்ஸரோ அமெரிக்காவின் டெட்ராய்ட்டுக்குத் தெற்கே இருக்கிறது. மேப்பைக் காட்டினால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

மனுஷன் கெட்டவர் இல்லை. விசா இன்டர்வியூ நாளில் விடியற்காலையிலேயே பையனோடு ஆட்டோவில் ஏறிவிடுவார். சென்னை ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது என்பதால், அவனுடைய போனையும், முன்பின் தெரியாத இன்னும் இரண்டு பிள்ளைகளின் போனையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு இடுப்போடு அணைத்துக்கொண்டு வெயிலில் நிற்பார். பையன் வெளியே வந்ததும் முதல் கேள்வி, "பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிட்டானா?" ஆமாம் என்றால் அநேகமாக விசா உறுதி. கண் கலங்கிவிடும். காபி வாங்கிக் கொடுப்பார். காபி பாதி இறங்கியதும், "கனடாவா இருந்தா பெரும்பாலும் இந்த இன்டர்வியூவே இருந்திருக்காது தம்பி" என்பார்.

இதோடு போனால் சிரித்துக்கொண்டே இருக்கலாம். இரண்டாம் மாடிப் பெண்ணுக்கு நடந்ததைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இரண்டு நாட்டிலும் அட்மிட். அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்து லோனுக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. அவள் ஆசைப்பட்ட பேராசிரியர் இருந்தது கனடாவில். மாமாவின் 'ஆனா'வுக்குப் பயந்து அப்பா இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தார். முன்பணம் கட்டவேண்டிய தேதி போய்விட்டது. அவள் இப்போது இன்னொரு நாட்டில், இரண்டாவதாகப் பிடித்த பாடத்தைப் படிக்கிறாள். மாமாவுக்கு இதில் எந்த வருத்தமும் இல்லை. ஒரு ரூபாய்கூட அவர் கையிலிருந்து போகவில்லையே.

ஆகவே பெற்றோரே, அந்தத் துறையில், அந்தப் பல்கலைக்கழகத்தில் இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிற சீனியர் யாரையாவது தேடிப் பிடித்துப் பேசுங்கள். விதிகளை அந்தந்த அரசின் இணையதளத்தில் கடைசி வரி வரை படியுங்கள். முன்பணத்தைக் கட்டி, ரசீது கைக்கு வந்தபிறகு மாமாவுக்கு ஸ்வீட் கொடுங்கள்.