எண்ணெய் எடுக்கப் போன கப்பல்: கேள்வி-பதில்

கே: ‘சார்லஸ் டபிள்யூ. மோர்கன்’ கப்பலின் மோர்கன், கடற்கொள்ளையரா?

ப: சேச்சே, கப்பலின் முதலாளி, பரம சாது! குவாக்கர் சமயத்தவர். மனிதர்மேல் ஆயுதம் தூக்கக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. திமிங்கிலம் அந்தக் கணக்கில் வராது. 1841-ல் அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டில் கட்டிய இந்தக் கப்பல், 1921 வரை 37 முறை திமிங்கில வேட்டைக்குப் போனது.

கே: அவ்வளவு பெரிய பிராணியைக் கப்பலில் எப்படி ஏற்றுவார்கள்?

ப: ஏற்றுவதே இல்லை. படகுக்கு ஆறு பேராகப் போய் ஈட்டி எறிந்து கொன்று, இழுத்துவந்து கப்பலின் பக்கத்தில் சங்கிலியால் கட்டுவார்கள். ஒருவர் நீளப்பிடிக் கத்தியால் கொழுப்பைக் கீற, மேலே கப்பி இழுக்க, உடம்பு தண்ணீரில் உருண்டு உருண்டு ஆரஞ்சுத் தோலாய் உரிந்து வரும். மேல்தளத்தில் செங்கல் அடுப்பு, அதில் கொழுப்பை உருக்க இரண்டு இரும்புக் கொப்பரை. மரக்கப்பலில் அடுப்பா என்று பதறாதீர்கள், அடியில் தண்ணீர்த் தொட்டி உண்டு. பற்றவைக்கத்தான் விறகு. அப்புறம் எண்ணெய் வடிந்த சக்கையைப் போட்டே எரிப்பார்கள். செத்ததும் அது, விறகும் அது! இதைவிடச் சிக்கனமான கொடுமை எனக்குத் தெரியாது.

கே: சம்பளம் கொழுத்திருக்குமே?

ப: சம்பளமே கிடையாது, வருமானத்தில் பங்குதான். முதல் பயணம் 3 வருடம் 4 மாதம். கொண்டுவந்த சரக்கு சுமார் 56,000 டாலர். புது ஆளுக்கு 200-ல் ஒரு பங்கு என்று வைத்தால் மாதம் 7 டாலர். வழியில் வாங்கிய சட்டைக்கும் புகையிலைக்கும் அதிலேயே பிடித்துக்கொள்வார்கள். இந்தத் தொழிலில் கடனோடு கரையிறங்கியவர்களும் உண்டு.

கே: கேப்டனுக்கு?

ப: பங்கும் பெரிது, படுக்கையும் பெரிது. லாண்டர்ஸ் என்ற கேப்டன், கப்பல் சாய்ந்தாலும் சாயாத தொங்குகட்டில் ஒன்றை மனைவிக்காக அமைத்தார். மாலுமிகள் முன்பக்க அடுக்குப் பலகைகளில் உருண்டார்கள்.

கே: விளக்குக்கு மண்ணெண்ணெய் வந்ததும் ஓய்வு பெற்றிருக்கலாமே?

ப: பெண்களின் இடுப்பு விடவில்லை. சில திமிங்கிலங்களின் வாயில் பல்லுக்குப் பதில் தொங்கும் வளைதகடுகள், இறுக்கு உள்ளாடை தைக்கத் தேவைப்பட்டன. அந்த நாகரிகம் போனது, தொழிலும் போனது.

கே: இப்போது கப்பல் எங்கே?

ப: 1941 முதல் கனெக்டிகட் மாநிலத்தில் மிஸ்டிக் துறைமுக அருங்காட்சியகத்தில். செப்பனிட்டு, 2014-ல் 38-வது பயணம் அனுப்பினார்கள், ஈட்டியில்லாமல்.

கே: திமிங்கிலங்கள் மன்னித்துவிட்டனவா?

ப: அந்தப் பயணத்தில் ஸ்டெல்வாகன் கடற்பகுதியில் கூனல் திமிங்கிலங்கள் கிட்டே வந்து பார்த்தன. மோர்கனின் பழைய பாக்கி பெரும்பாலும் எண்ணெய்த் திமிங்கிலங்களிடம். அவை வரவில்லை.