ஓகே சிகாமணி

அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். பணி ஓய்வு பெற்றவர், காபி குடித்த கையோடு கம்ப்யூட்டரைத் திறப்பவர், திரையில் எது முளைத்தாலும் 'ஓகே' கொடுப்பவர். வீட்டில் வைத்த பெயர் வேறாக இருக்கலாம். கம்ப்யூட்டர் பழுது பார்க்க வரும் பையன்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் பெயர் ஓகே சிகாமணி.

வெளியுலகில் அவரை ஏமாற்ற ஒருவன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும். நுனியை ஒடித்துப் பார்க்காமல் வெண்டைக்காய் வாங்க மாட்டார். கேஸ் சிலிண்டரை எடை போட்டுக் காட்டினால்தான் உள்ளே விடுவார். பெட்ரோல் பங்கில் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்ததைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் டேங்க் மூடியைத் திறப்பார். கூரியர்காரர் மணியடித்தால் கதவுச் சங்கிலியை எடுக்காமல் ஒற்றைக் கண்ணால் விசாரணை நடத்துவார். அதே மனிதர் மவுஸைப் பிடித்துவிட்டால் கலியுகக் கர்ணன். 'இந்தத் தளம் உங்களுக்கு அறிவிப்புகள் அனுப்ப விரும்புகிறது, அனுமதிக்கலாமா?' பாவம், வாய்விட்டுக் கேட்கிறான். அனுமதித்தாயிற்று.

அதையும் ஒரு முறை அழுத்துவதில்லை. எதுவானாலும் டக் டக்கென்று இரண்டு முறை. முதல் அழுத்து அதன் காதில் விழுந்திருக்காதோ என்ற சந்தேகம். வாழ்க்கையில் அவர் கம்ப்யூட்டர் மேல் பட்ட சந்தேகம் அது ஒன்றுதான்.

'நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபியுங்கள்' என்று பெட்டி வந்தால் அவருக்குக் கோபம் வராது. ஆண்டுதோறும் நவம்பரில் வங்கிக்குப் போய், தாம் உயிரோடுதான் இருக்கிறோம் என்று சான்று கொடுத்துவிட்டு வருகிற பென்ஷன்தாரர். உயிரோடு இருப்பதையே நிரூபிக்கிறவருக்கு ரோபோ இல்லை என்று நிரூபிப்பதா கஷ்டம்? 2024-இல் பரவிய ஒரு தந்திரம் இவருக்கென்றே தைத்தது. விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து, அப்புறம் கன்ட்ரோல்-வி, அப்புறம் என்டர் என்று ஒரு போலிப் பெட்டி சொல்லும். அந்த இணையப் பக்கம் முன்கூட்டியே நைசாக நகலெடுத்து வைத்த கட்டளை ஓடி, உளவு மென்பொருளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடும். சிகாமணி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்து, மூன்று படிகளையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் செய்து முடிப்பார். முப்பது வருடம் படிவம் பூர்த்தி செய்த கை.

அவருடைய திரையைப் பார்க்கவேண்டும். செய்தி தெரிய ஒரு சாண் இடம் இருந்தால் அதிகம். மேலே அவர் வைக்காத தேடல் பட்டைகள். வலது மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்' என்று நிமிடத்துக்கு ஒரு அறிவிப்பு. இலவசமாக இறக்கிய வைரஸ் எதிர்ப்பு நிரல்கள் மூன்று. ஒவ்வொன்றும் மற்ற இரண்டையும் வைரஸ் என்கிறது. விண்டோஸோடு சேர்ந்தே வரும் டிஃபெண்டர் போதுமே என்றால், 'சும்மா வருவது எப்படி வேலை செய்யும்?' என்பார். மற்ற மூன்றும் காசு கொடுத்து வாங்கியவை போல.

நிலைமை முற்றியதும் பையனுக்குப் போன் போகும்.

"தம்பி, சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோவா இருக்கு. ரேம் மாத்தணுமோ?"

பையன் வந்து பார்த்து நெற்றியைத் தேய்ப்பான். "சார், கண்ட இடத்துல கிளிக் பண்ணியிருக்கீங்க."

"நான் கண்ட சைட்டுக்குப் போற ஆளாப்பா? காலைல பேப்பர் படிப்பேன், ராசிபலன் பார்ப்பேன். அவ்வளவுதான்."

பேப்பர் நல்ல பேப்பர்தான். ஆனால் அதன் ஓரத்தில் மினுக்கும் விளம்பரம் பெரும்பாலும் பேப்பர்காரர் பார்த்துப் போட்டதல்ல. நாம் பக்கத்தைத் திறக்கிற அந்த ஒரு நொடிக்குள் இடம் ஏலத்துக்குப் போய், யாரோ எடுத்து, எங்கிருந்தோ படத்தை இறக்குகிறார்கள். 2009 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் தளத்திலேயே விளம்பரம் வழியாக மோசடி நுழைந்தது. இணையத் தொலைபேசி நிறுவனம் ஒன்றின் பெயரைச் சொல்லி இடம் வாங்கியவர்கள் முதலில் ஒழுங்கான விளம்பரத்தைக் காட்டினார்கள். வார இறுதி வந்ததும் அதை எடுத்துவிட்டு, வைரஸ் இருப்பதாக மிரட்டும் போலி எச்சரிக்கையைப் போட்டார்கள். 2016 மார்ச்சில் பிபிசி, மறுபடியும் நியூயார்க் டைம்ஸ் என்று பெரிய தளங்களில் வந்த விளம்பரங்கள், புதுப்பிக்காத மென்பொருள்களின் ஓட்டை வழியாக நுழையப் பார்த்தன. அதற்குக் கிளிக்கே தேவையில்லை. 'ஓகே'கூடக் கேட்காமல் உள்ளே வருவது சிகாமணியைப் பொறுத்தவரை மரியாதைக் குறைவு.

கிளிக் தேவைப்படும் ரகம் அவரை ஏமாற்றமடைய விடுவதில்லை. பேரன் பிறந்தநாள் வீடியோ திறக்கவில்லையா? விஎல்சி என்று தேடுவார். எல்லாவற்றுக்கும் மேலே 'ஸ்பான்சர்டு' என்ற சிறு எழுத்தோடு ஒன்று நிற்கும். முதல் ரேங்க் வாங்கியவன் இருக்கும்போது இரண்டாவதைத் தொடுவானேன்? டக் டக். 2023-இன் தொடக்கத்தில் விஎல்சி, நோட்பேட் பிளஸ் பிளஸ் போன்ற இலவச மென்பொருள்களின் பெயரில் இப்படிப் போலித் தேடல் விளம்பரங்கள் வரிசைகட்டின. அதற்குச் சற்று முன்பு, 2022 டிசம்பரிலேயே, தேடும்போது விளம்பரத் தடுப்பான் போட்டுக்கொள்ளுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ அறிவுரை சொல்லியிருந்தது. அந்தப் போலி விளம்பரங்கள் வழியாக இறங்கும் உளவு மென்பொருள் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் வழித்துக்கொண்டு போகும். உள்ளே நுழைந்திருக்கும் கணக்கின் குக்கீ கிடைத்தால் பல இடங்களில் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். சிகாமணியின் மனைவி தம் பாஸ்வேர்டைப் பால் கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறார். அந்த நோட்டைப் படிக்கும் உளவு மென்பொருள் இன்னும் வரவில்லை.

இத்தனை பேருக்கு 'ஓகே' சொன்னவர் ஒரே ஒருவனுக்கு மட்டும் சொன்னதில்லை. அவன் விண்டோஸ் அப்டேட். ஓட்டைகளை அடைக்க வருகிறவன். "ரீஸ்டார்ட் பண்ணச் சொல்றான் தம்பி. அணைச்சா மறுபடி வருமோ, வராதோ? லேட்டர்னு போட்டுடுவேன்."

பையன் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தான். வேண்டாத நிரல்களையும் பிரவுசர் நீட்சிகளையும் களைந்தான். அனுமதி வாங்கியிருந்த தளங்களின் அறிவிப்புகளை ஒவ்வொன்றாக ரத்து செய்தான். ஃபயர்ஃபாக்ஸ் போட்டு அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைச் சேர்த்தான். பாஸ்வேர்டுகளை வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மாற்றவைத்து, எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறச் செய்தான். மென்பொருள் வேண்டுமானால் தயாரித்தவரின் தளத்துக்கே போய் எடுக்கவேண்டும். மிரட்டும் பெட்டி வந்தால் அதிலுள்ள எதையும், மூடும் குறியைக்கூட, தொடாமல் பிரவுசரையே மூடவேண்டும். அதில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்யவே கூடாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிடவேண்டும் என்று தாளில் எழுதி ஒட்டினான். அப்டேட் பாதி ஏறியிருக்கிறது, ரீஸ்டார்ட் கேட்கும், அதற்கு மட்டும் ஓகே கொடுங்கள் என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனான். எதையும் அவருக்கு இரண்டு முறைதான் சொல்லவேண்டும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே போன்.

"தம்பி, நெட்ல ஏதோ கோளாறு."

"பேப்பர் வருதா சார்?"

"வருது. ஆனா வெறும் செய்தியா வருது."

"அதுதான் சார் பேப்பர்."

"அப்படியா! சரி விடு. நீ சொன்ன பாடத்தை மட்டும் நான் மறக்கலைப்பா. விடியறதுக்குள்ள ஒருத்தன் வந்துட்டான். ரீஸ்டார்ட் பண்ணணுமாம், ஓகே குடுக்கணுமாம். என்கிட்டயா? லேட்டர்னு போட்டுட்டேன்."