ஒரு முகவரி, ஊர்ப்பட்ட போன்கள்!

கே: என் போன் எண் வருடக்கணக்காக மாறவில்லை. ஐ.பி. முகவரி மட்டும் அடிக்கடி மாறுகிறதே? (திண்டுக்கல் வாசகி)

ப: போன் எண் உங்களோடு வரும், கம்பெனியை மாற்றினாலும் விடாது. ஐ.பி. முகவரி கம்பெனியின் சொத்து. டேட்டாவை ஆன் செய்ததும் அவர்களுடைய கேட்வே, கையிருப்பிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுக்கும். இணைப்பு அறுந்தால் வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் புதிது வந்திருக்கும்.

கே: நாகர்கோவிலில் இருக்கும் என்னைச் சென்னைவாசி என்கிறதே கூகுள்?

ப: டேட்டா இணையத்துக்குள் இறங்கும் கேட்வே எந்த ஊர்க் கணக்கில் இருக்கிறதோ, முகவரியைப் பொறுத்தவரை அதுதான் உங்கள் ஊர். வாடகை கொடுக்காமல் சென்னையில் குடித்தனம்!

கே: ஆளுக்கொரு முகவரி தந்தால் குறைந்தா போய்விடுவார்கள்?

ப: இருந்தால்தானே தருவதற்கு! பழைய ஐ.பி.வி4 முறையில் உலகத்துக்கே மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள். பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. இரண்டே மாதத்தில், நம் பகுதிக்குப் பங்கிடும் ஏப்னிக் அமைப்பும் ரேஷனுக்கு வந்துவிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து உட்கார்ந்தபோது பந்தியே முடிந்திருந்தது.

அதனால் போனுக்குக் கிடைப்பது 10 என்றோ 100.64 என்றோ தொடங்கும் உள்முகவரி. வெளியே போகும்போது பலருக்கும் சேர்த்து ஒரே பொது முகவரி. யாருடைய டேட்டா எது என்று போர்ட் எண்ணை வைத்துப் பிரிப்பார்கள். இதற்கு சிஜிநாட் என்று பெயர். ‘நீங்கள் ரோபோவா?’ என்று சில தளங்கள் அடிக்கடி கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்: ஒரே முகவரியிலிருந்து கூட்டமாக வந்தால் அவை மிரண்டுவிடுகின்றன.

கே: ஐ.பி. முகவரியை வைத்தே ஆளைப் பிடித்ததாகச் செய்தி வருகிறதே?

ப: அந்தச் செய்தியைப் படித்தால் எனக்குக் கவலைதான் வருகிறது. சிஜிநாட்டில் முகவரி ஒரு கூட்டத்தைக் காட்டும், ஆளைக் காட்டாது. போர்ட் எண் வேண்டும், நொடி பிசகாத நேரமும் வேண்டும். சர்வர் உலகப் பொது நேரமான யுடிசியில் பதிந்திருந்தால், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். மறந்தால் மாட்டுவது வேறொருவர். சர்வர்கள் போர்ட்டையும் பதியட்டும் என்று, இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு 2011-லேயே பரிந்துரைத்துவிட்டது. பதியாத தளங்கள் இன்னும் இருக்கின்றன.

2007-ல், அன்றைய சமூக வலைதளமான ஆர்குட்டில் யாரோ போட்ட படத்துக்காக ஒரு பெங்களூரு இன்ஜினியரைக் கைது செய்தார்கள். 50 நாள் சிறை. அவருடையது என்று சொல்லப்பட்ட ஐ.பி. முகவரி அவருடையதே அல்ல! விசாரிப்பவர்கள் முகவரியைத் துப்பாக எடுத்துக்கொள்ளட்டும். தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கே: விடிவே இல்லையா?

ப: ஐ.பி.வி6 இருக்கிறதே! ஜியோ தொடக்கத்திலிருந்தே அதைத் தருகிறது. இம்முறையில் வழக்கமாக ஒரு போனுக்கே ஒரு தனித் தொகுதி. அதற்குள் பழைய இணையத்தின் முகவரிகள் மொத்தத்தையும் 429 கோடி தடவை அடுக்கலாம். இன்னும் ஐ.பி.வி4-ஐ விடாத தளங்களுக்காகத்தான் சிஜிநாட் தேவைப்படுகிறது.

கே: தோப்பில் 4ஜி சிம் போட்ட கேமரா வைத்தேன். வீட்டிலிருந்து நேரடியாகப் பார்க்க முடியவில்லை.

ப: சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கும் கேமராவை வெளியிலிருந்து கூப்பிட முடியாது, அதுவாகத்தான் வெளியே வர வேண்டும். கிளவுட் வசதியுள்ள கேமராவாக வாங்குங்கள், அல்லது நிலையான ஐ.பி. தரும் சிம் கிடைக்குமா என்று கம்பெனியில் கேளுங்கள்.