பொம்மசந்திரா மொட்டைமாடிகளில் துணிக் கிளிப் ஸ்பிரிங்கின் துருவேற்றம்: ஓர் ஆய்வு

இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள், துணிக் கிளிப்பின் வயிற்றில் கிடக்கும் கம்பிச் சுருள். துணை ஆய்வுப் பொருள்கள், கிளிப் தொங்கும் கொடியைச் சுவரோடு பிடித்துவைக்கும் கொக்கி, வாஷர், ஸ்குரூ ஆகியவை. ஆய்வு எல்லை, பெங்களூரின் ஓசூர் ரோட்டில் ஹெப்பகோடிக்கும் சந்தாபுராவுக்கும் நடுவிலுள்ள பொம்மசந்திரா. துருவைப் பற்றி விஷயம் தெரிந்தவர்கள் இவ்வளவு நெருக்கமாகக் குடியிருக்கும் ஊரில், அவர்கள் சட்டையிலேயே துருக்கறை இருக்கிறது என்பதுதான் இந்த ஆய்வுக்கு வித்து. 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ இந்த ஊர்வரை வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை ரயிலேறும் வெள்ளைச் சட்டைகளின் கீழ் ஓரத்தைக் கவனிப்பவர்களுக்கு அந்தப் பழுப்புக் கீற்று புலப்படும். இன் பண்ணிக்கொள்வோரிடம் தரவு திரட்ட இயலவில்லை.

முரண்பாட்டைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் மருந்து ஆலைகள் உண்டு. அப்படிப்பட்ட ஆலைகளில் மருந்தைத் தொடும் கலனும் குழாயும் வழக்கமாக 316எல் ரகத் துருப்பிடிக்காத எஃகில் இருக்கும். ஒவ்வொரு தகடும் உருக்காலைச் சான்றிதழோடு வர வேண்டும். சான்றிதழில் உள்ள ஹீட் நம்பரும் (உருக்கிய தொகுதியின் எண்) தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் இலக்கம் மாறினாலும் க்யூசி இன்ஜினியர் லாரியோடு திருப்பி அனுப்பிவிடுவார். அதே இன்ஜினியர் மாலையில் சந்தாபுரா கடையில் அட்டையில் குத்திய ஒரு டஜன் கிளிப்பை வாங்கும்போது கேட்கும் ஒரே கேள்வி, “பச்சைக் கலர் இல்லையா அண்ணா?”

முன்னோர் ஆய்வுகளைப் பார்ப்போம். ஸ்பிரிங்கின் விதியை ராபர்ட் ஹூக் 1676இல் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராக வெளியிட்டு, 1678இல்தான் விடையைச் சொன்னார். இழுப்பு எவ்வளவோ அவ்வளவு விசை, அவ்வளவுதான். ஸ்பிரிங் வைத்த கிளிப்புக்கு அமெரிக்காவின் வெர்மான்ட்டில் டேவிட் ஸ்மித் 1853இல் காப்புரிமை பெற்றார். சுருளையே அச்சாக்கி அதைச் செம்மைப்படுத்தியவர் 1887இல் சாலன் மூர். ஷெஃபீல்டில் துப்பாக்கிக் குழலின் தேய்மானத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாரி பிரியர்லி, 1913இல் குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகை உருக்கினார். சுருளும் வந்தாயிற்று, எஃகும் வந்தாயிற்று. இரண்டும் நம் மாடியில் சந்திக்கத்தான் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் போதவில்லை.

சாதாரணக் கிளிப்பில் இருப்பது மெல்லிய துத்தநாகப் பூச்சு போட்ட இரும்புக் கம்பி. பழைய கிளிப் ஒன்றை வெயிலில் திருப்பிப் பார்த்தால், துரு பெரும்பாலும் கம்பி வெட்டுப்பட்ட நுனியிலும் பிளாஸ்டிக்கோடு உரசும் இடத்திலும்தான் தொடங்கியிருக்கும். நுனியில் பூச்சே கிடையாது. உரசும் இடத்தில் இருந்தது போய்விட்டது. சலவைத்தூள் கலந்த ஈரம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

சரி, எஸ்.எஸ். என்கிற துருப்பிடிக்காத எஃகு ஸ்பிரிங்கைத் தேர்வது எப்படி? இங்கே அறிஞர்கள் இரு பள்ளிகளாகப் பிரிகிறார்கள். பளபளப்பு இருந்தால் எஸ்.எஸ். என்பது ஒரு பள்ளி. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. காந்தம் ஒட்டாவிட்டால்தான் எஸ்.எஸ். என்பது இன்னொன்று. இந்தக் காந்தவாதிகளின் செல்வாக்கு பெரிது. சாவிக்கொத்திலேயே காந்தத்தோடு கடைக்கு வருகிறார்கள்.

“அண்ணா, ஒட்டுதே?”

“ஒட்டினா என்ன சார், உங்க சட்டை காந்தமா?”

கடைக்காரர் சொன்னது வணிகத் தந்திரம்தான் என்றாலும், உலோகவியல் அவர் பக்கம். 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்த 304, தகடாக இருக்கும்போது காந்தத்தைக் கண்டுகொள்ளாது. அதையே குளிர்நிலையில் இழுத்து ஸ்பிரிங் கம்பியாக்கினால் உள்ளமைப்பு ஓரளவு மாறி, லேசாக ஒட்டும். மறுபுறம், நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 200 வரிசை மலிவுத் தகடு காந்தத்தில் ஒட்டாமல் நல்லபிள்ளையாக நின்று, பிறகு துருப்பிடிக்கும். 1992இல் வந்த ஒரு ரூபாய் நாணயமோ துருப்பிடிக்காத எஃகுதான். காந்தத்தில் நன்றாகவே ஒட்டும். ஆக, காந்தவாதிகள் நல்ல ஸ்பிரிங்கைத் தள்ளிவிட்டு மட்டமான கொக்கியை வாங்கிக்கொண்டு திருப்தியோடு வீடு திரும்புகிறார்கள்.

இன்னொரு நுட்பம். அதே கனக் கம்பியில் செய்தால் எஸ்.எஸ். ஸ்பிரிங்கின் விறைப்பு கரிம எஃகை விட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. ஆகவே, மெல்லிய எஸ்.எஸ். கம்பி போட்ட கிளிப் கர்ச்சீப்பைப் பிடிக்கும், ஜீன்ஸை விட்டுவிடும். கம்பியின் கனத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவர்களின் ஜீன்ஸ் பக்கத்து மாடியில் கிடக்கிறது.

316 வேண்டாமா என்பார்கள். 304-க்கு மேல் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்த்தது 316. உப்பை எதிர்ப்பது அதன் வேலை. பெசன்ட் நகர் பால்கனிக்கு அது நியாயம். கடலிலிருந்து இத்தனை தொலைவில், 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பொம்மசந்திராவில் துணி காயப்போட 316 கேட்பது வெறும் ஜம்பம். 304 தாராளமாகப் போதும்.

இனி, எல்லோரும் கோட்டைவிடும் இடத்துக்கு வருவோம். கொக்கி 304, கூடவே பாக்கெட்டில் இலவசமாக வரும் மஞ்சள் ஸ்குரூ சாதா இரும்பு. இரண்டு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் இளகிய மனசுக்காரன் கரைவான். எஸ்.எஸ். பரப்பு பெரிதாகவும் இரும்பின் பரப்பு சிறிதாகவும் அமைந்துவிட்டால், கூட்டுக்குடும்பத்தின் மொத்தச் செலவும் கடைசித் தம்பியின் சம்பளத்தில் ஓடுவதுபோல, அத்தனை அரிப்பும் அந்த ஒற்றை ஸ்குரூவின் தலையில் விழும். அது அழுகி வழியும் பழுப்புநீர் கொக்கியில் இறங்கும். “எஸ்.எஸ்.னு சொல்லி ஏமாத்திட்டான்” என்று கொக்கிக்காரருக்குத் திட்டு விழும்.

எஸ்.எஸ். துருப்பிடிக்காததற்குக் காரணம் மேலே தானாகப் படியும், கண்ணுக்குத் தெரியாத குரோமிய ஆக்சைடு படலம். அது பிய்ந்தால் திரும்பப் படியக் காற்று வேண்டும். வாஷருக்கு அடியில் தண்ணீர் தேங்கிக் காற்றுப் போகாத இடுக்கில் நல்ல எஸ்.எஸ்.கூடத் தோற்கும். எனவே ஸ்குரூ, வாஷர், கொக்கி மூன்றும் ஒரே 304. அல்லது இடையில் ஒரு நைலான் வாஷர். பெரிய போல்ட்டானால் தலையில் ஏ2-70 என்ற முத்திரையைத் தேடலாம்: ஏ2 என்றால் 304 குடும்பம், 70 என்றால் 700 மெகாபாஸ்கல் இழுவலிமை. சின்ன ஸ்குரூவின் தலையில் இந்தப் பாக்கியமெல்லாம் எழுதியிருக்காது. பில்லில் 304 என்று எழுதித்தரும் கடையாகப் பார்த்து வாங்க வேண்டும். எஸ்.எஸ். போல்ட்டில் எஸ்.எஸ். நட்டை உலர்வாக, வேகமாக முறுக்கினால் மரை கவ்விக்கொண்டு பிறகு ஹேக்ஸா பிளேடுதான் பிரிக்கும். துளி கிரீஸ் போதும்.

கிளிப்பைப் பொறுத்தவரை இவ்வாய்வாளரின் தேர்வு, ஒரே 304 கம்பியை வளைத்துச் செய்த கிளிப். அதில் சுருள், தாடை, பிடி எல்லாம் ஒரே கம்பி. சண்டை போட இரண்டாவது உலோகமே கிடையாது.

ஏற்கெனவே கறைபட்ட சட்டைக்கு பிளீச் போடக் கூடாது. கறை இன்னும் ஊறிவிடும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்து அலசினால் துரு கரையும். கலர்ச் சட்டையானால் ஓரத்தில் முதலில் சோதித்துக்கொள்க.

களச் சோதனை முடிவு: பொது மொட்டைமாடியில் மாட்டப்பட்ட 304 கம்பிக் கிளிப்புகளில் துரு அறவே காணப்படவில்லை. சில வாரங்களில் கிளிப்புகளும் காணப்படவில்லை. துருப்பிடித்த பழைய கிளிப்புகள் ஒன்று குறையாமல் கொடியிலேயே உள்ளன. இரண்டாம் மாடிக் கொடியில் அதே போன்ற கம்பிக் கிளிப்புகள் தென்பட்டது குறித்து விசாரித்தபோது, “அது எங்க மாமியார் ஓசூர்ல வாங்கிட்டு வந்தது” என்று பதில் கிடைத்தது. உருக்காலைச் சான்றிதழும் ஹீட் நம்பரும் கேட்கப்பட்டுள்ளன.