ஆடுபுலி ஆட்டத்தில் எதிராளியின் இயல்பறிந்து காய் நகர்த்தல்: ஒரு பன்முகப் பார்வை

ஆய்வேடு என்றால் நோக்கம் ஒன்று வேண்டுமாம். ஆகவே வைக்கிறோம். ஆடுபுலி ஆட்டத்தில் எல்லா எதிராளியிடமும் ஒரே மாதிரி ஆடுகிறவர் தோற்பார் என்பது நம் கருதுகோள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் இதை வெற்றிலை மெல்லும்போதே சொல்லிவிடுவார். பாட்டிக்கு முனைவர் பட்டம் தேவைப்படாததால் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

ஆய்வு எல்லை: மழை பெய்யாத மாலைகள். முதன்மை ஆதாரம்: எங்கள் வீட்டுத் திண்ணை. துணைமை ஆதாரம்: எதிர்வீட்டுத் திண்ணை.

களம் பற்றிச் சிறிது. உச்சியில் ஒரு புள்ளி, கீழே மூன்று வரிசைகளில் ஆறாறு, அடிக்கோட்டில் நான்கு. ஆக 23. கூழாங்கல் புலிகள் 3, புளியங்கொட்டை ஆடுகள் 15. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும், ஆடுகள் சூழ்ந்து நின்று புலியைக் கட்டும். ஒன்றும் வெட்டுப்படாமல் எல்லா ஆடும் இறங்கிவிட்டால் மிஞ்சும் காலியிடம் ஐந்தே ஐந்து. அந்த ஐந்தைப் பார்த்ததும் ஒருவருக்கு நாக்கில் நீர் ஊறுகிறதா, நெற்றியில் வியர்க்கிறதா என்பதை வைத்தே நம் வகைப்பாடு அமைகிறது.

பழமை பற்றிப் பேசாவிட்டால் கட்டுரையை யாரும் ஏற்கமாட்டார்கள். கோயில் மண்டபத் தளங்களில் இந்தக் கட்டம் கீறிக் கிடப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கல் சோழர் காலத்தது என்றால் கோடும் சோழர் காலத்தது என்று எழுதிவிடுவது துறை மரபு. போன ஆவணியில் நடை திறக்கக் காத்திருந்த யாரோ ஆணியால் கீறியிருக்கலாமே என்று சந்தேகப்படுகிறவருக்கு அடுத்த கருத்தரங்கில் சாப்பாட்டு டோக்கன் கிடைக்காது. ஒப்பியல் நோக்கும் வேண்டும். நேபாளத்தில் பாக்சால் என்று ஓர் ஆட்டம்: 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. அங்கேயும் தலைக்கு ஐந்து ஆடு! இதை வைத்து மூன்று கட்டுரை தேறும். இங்கிருந்து அங்கே போனது என்று ஒன்று, அங்கிருந்து இங்கே வந்தது என்று ஒன்று, முன்னிரண்டையும் மறுத்து ஒன்று. மூன்றுக்கும் பதிவுக் கட்டணம் தனித்தனி.

இனி எதிராளிகள்.

முதல் வகை, பாய்ச்சல்காரர். புலி இவர் கையில் இருந்தால் கண்ட ஆட்டையெல்லாம் தாண்டுவார். ஓர் ஆட்டைக் கொடுத்து இவரை மூலைக்கு இழுக்க வேண்டும். மூலைப் புலிக்கு வழி இரண்டுதான். வழிக்கு ஓர் ஆடு, அந்த ஆட்டின் முதுகுக்குப் பின்னால் ஓர் ஆடு என்று நான்கு இருந்தால் புலி கட்டுண்டது. சிக்கல் என்னவென்றால், ஒரு நடையில் கதவைச் சாத்த முடியாது. அந்த இடைவேளையில் இன்னொரு புலியின் வாய்க்கு நேரே இன்னோர் ஆட்டை நிறுத்திவிட்டு, ஐயையோ, பார்க்கவில்லையே என்று முனக வேண்டும். பாய்ச்சல்காரர் அங்கே பாய்வார். இரண்டு ஆட்டுச் செலவில் ஒரு புலி. முனகல் இயல்பாக அமைய வேண்டும் (காண்க: சின்ன மாமா, வாய்மொழி).

இரண்டாம் வகை, ஆடுகளை ஓரத்திலேயே அடுக்குபவர். நடுவில் புலிகளை உலவவிட்டுக் காத்திருங்கள், போதும்.

மூன்றாம் வகை, ஆட்டம் முழுக்கப் பேசுபவர். பதில் சொல்லாதீர்கள்.

நான்காம் வகையே இவ்வாய்வின் உயிர்நாடி: விரல் எடாதவர். காயை நகர்த்திவிடுவார். ஆனால் ஆள்காட்டி விரல் காயின் மேலேயே இருக்கும். நம் முகத்தைப் பார்ப்பார். நாம் மூச்சை இழுத்தால் காயும் பழைய இடத்துக்கு இழுபடும். “நான் இன்னும் கையையே எடுக்கலைடா” என்பது இவர்களது மூலபாடம் (அத்தை, வாய்மொழி, பின்கட்டு).

நடை எப்போது நிறைவுறுகிறது? இதில் மூன்று மரபுகள் உள்ளன. விரலின் சதை விலகினாலே நடை முடிந்தது என்பது சதைக் கொள்கை. நகம் தொட்டிருக்கும்வரை முடியவில்லை என்பது நகக் கொள்கை (அத்தை, மேற்படி, குரல் உயர்த்திய பதிப்பு). விரல் எங்கே இருந்தாலும் “வெச்சாச்சு” என்று வாயால் சொன்னால்தான் முடியும் என்பது வாய்க் கொள்கை (அத்தை, மேற்படி, தோற்கும் தறுவாயில் திருத்தி விரிவாக்கிய பதிப்பு). ஒரே ஆசிரியர் எப்படி இரு கொள்கைகளை முன்வைக்க முடியும், ஆகவே அத்தைகள் இருவர் இருந்திருக்க வேண்டும், பிற்கால அத்தையின் கூற்று முற்கால அத்தையின் வாயில் இடைச்செருகலாகப் புகுந்தது என்று வாதிக்க இடமுண்டு. வாதித்தோம். அத்தை அன்று காபி தரவில்லை (ஒப்பிட்டு நோக்குக: கோயில் மண்டபம், நந்திக்குப் பின்புறப் பிரதி, எண்ணெய்ப் பிசுக்கில் கோடு சிதைந்தது, அடியில் வௌவால் எச்சத்தாலான பாடபேதம் ஒன்று உண்டு, அதைப் பதினாறாவது ஆடாக எண்ணியவர்களும் உளர்).

பிரஷ்யப் படைக்காக ரைஸ்விட்ஸ் 1824இல் விதிகள் வெளியிட்ட கிரீக்ஸ்ஷ்பீல் என்ற மேசைப் போர் விளையாட்டில் தீர்ப்புச் சொல்ல நடுவர் ஒருவர் இருந்தார். நம் திண்ணையில் அந்தப் பதவியை அப்போதைக்கு யார் தெருவில் போகிறாரோ அவர் வகிக்கிறார். கீரைக்காரம்மா நகக் கொள்கையினர். பால்காரர், தமக்குப் பாக்கி இருக்கும் நாளில், சதைக் கொள்கைக்கு மாறுவதைக் கள ஆய்வில் கண்டோம்.

விரல் எடாதவரை வெல்லும் வழி: அவர் நடையின்போது உங்கள் முகத்தை அவருக்குக் காட்டாதீர்கள். வானத்தைப் பாருங்கள், மழை வருமா என்று கேளுங்கள். முகம் கிடைக்காவிட்டால் அவருக்கு விரலை எப்போது எடுப்பது என்றே தெரியாது. கை வலித்துத் தானாக எடுப்பார்.

ஐந்தாம் வகை, எழுந்து போகும்போது முழங்கால் பட்டுக் காய்களைக் கலைப்பவர். முழங்காலில் உள்நோக்கம் இருந்ததா என்பது மேலாய்வுக்குரியது.

ஆறாம் வகை ஆட்டைத் தின்பவர். இது உருவகம் அன்று. வறுத்த புளியங்கொட்டையை ஆடாக வைத்து ஆடும்போது, ஒன்பது வயதுக்குட்பட்ட எதிராளியிடம் ஆடுகளின் தொகை குறைகிறது. புலி எதையும் தாண்டியிருக்காது, கடவாயில் மட்டும் ஒரு நொறுக்கென்ற ஓசை கேட்கும். வெட்டுண்ட ஆட்டுக்கும் மெல்லுண்ட ஆட்டுக்கும் ஒரே கணக்கா என்பதில் திண்ணைகள் இன்னும் ஒத்துப்போகவில்லை. இவரிடம் வறுக்காத கொட்டையை வைத்து ஆடவும்.