ஆச்சியின் சாவிக்கொத்து

தாமிரபரணிக் கரை ஊர்களில் எழுபதுகளில் வளர்ந்தவர்களுக்கு, ஆச்சி நடந்தால் இடுப்பில் சாவிக்கொத்து சலசலப்பது இன்னும் காதில் இருக்கும். அரங்கு வீட்டுக்கு ஒன்று, அலமாரிக்கு ஒன்று, பிசானம் அறுத்து நெல் விற்ற பணம் இருந்த மரப்பெட்டியின் கனத்த திண்டுக்கல் பூட்டுக்கு ஒன்று. பள்ளிக்கூடத்துக்குக் கட்டணம் வேண்டுமென்று போய் நின்றால், "எதுக்குல இப்ப துட்டு?" என்று விசாரித்து, கையில் ஒரு முந்திரிக்கொத்தைத் திணித்து, அதன் பிறகே சாவியைத் தேடி எடுப்பாள். அவள் ஊரில் இல்லாத நாளில் கொத்து சித்தியிடம் இருக்கும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

பிறகு அப்பா பாளையங்கோட்டையில் வங்கி லாக்கர் எடுத்தார். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டுதான் அங்கே போவார். அதிகாரியின் சாவியும் நம் சாவியும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். கடவுச்சொல்லோடு ஓடிபியும் கேட்கிற இன்றைய ஏற்பாடு அந்த இரட்டைச் சாவியை நினைவூட்டுகிறது. அடுத்துச் சாவியின் இடத்துக்கு எண் வந்தது. 1967-இல் லண்டனில் முதல் ஏடிஎம்மைக் கொண்டுவந்த ஷெப்பர்ட்-பாரன் நம் ஷில்லாங்கில் பிறந்தவர். அதன் ரகசிய எண்ணுக்கு ஆறு இலக்கம் வைக்க நினைத்தவரிடம், நாலுக்கு மேல் நினைவில் நிற்காது என்று மனைவி சமையலறையில் சொன்னாராம். அந்த அம்மாளின் புண்ணியத்தில் வண்ணார்பேட்டை ஏடிஎம்மில் நாமும் நாலு இலக்கத்தோடு தப்பித்தோம்.

இப்போது கல்லிடைக்குறிச்சி வீட்டுக் கரண்ட் பில்லைச் சென்னையிலிருந்தே கட்டிவிட முடிகிறது. இந்த வசதியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் வங்கி, மின்னஞ்சல், காப்பீடு, ரயில் டிக்கெட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல். அத்தனையும் ஒரே ஆளின் தலைக்குள். அந்த ஆள் போய்விட்டால், எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் வீட்டார் தவிக்கிறார்கள். பத்து வருஷம் கேட்பாரற்ற வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அதற்குப் பிறகும் வாரிசுகள் கேட்டு வாங்கலாம். அப்படிப்பட்ட கணக்குகளைத் தேடிப் பார்க்க 2023-இல் 'உத்கம்' என்ற இணையதளத்தையே அந்த வங்கி திறக்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைப்பதுதான் பெரிய ஆபத்து. ஓரிடத்தில் அது கசிந்தால், திருடன் அதையே உங்கள் மற்றக் கணக்குகளிலும் போட்டுப் பார்ப்பான். சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து நீளமாக வைப்பது நல்லது. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட்டும் 2017-இல், கசிந்ததாகத் தெரிந்தாலொழிய அடிக்கடி மாற்றச் சொல்லாதீர்கள், நீளத்துக்கு இடம் கொடுங்கள் என்றது. நினைவில் நிற்காதவற்றைக் கடவுச்சொல் காப்பகச் செயலி ஒன்றில் பூட்டி, அதைத் திறக்கும் ஒரே சொல்லை மட்டும் காகிதத்தில் எழுதி பீரோவில் வைக்கலாம். எங்கோ தூரதேசத்தில் உட்கார்ந்து களவாடுபவனுக்கு நம் வீட்டு பீரோ எட்டாது.

நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். எந்த வங்கி, எந்தக் காப்பீடு, எந்த மின்னஞ்சல் என்று ஒரு நோட்டில் எழுதி, செயலியின் சொல்லைத் தனி உறையில் ஒட்டி, இரண்டும் இருக்கும் இடத்தை மனைவியிடமும் மகளிடமும் காட்டியாயிற்று. என் கூகுள் கணக்கு பல மாதம் அசையாமல் கிடந்தால் மகளுக்குத் தகவல் போகவும் ஏற்பாடு உண்டு. ஏடிஎம் எண்ணை மட்டும் எதிலும் எழுதவில்லை.