கடைசிப் பாட்டு மாமா

மயூர் விஹார் ஃபேஸ் ஒன்றில் எந்த ஹவுசிங் சொசைட்டியை எடுத்துக்கொண்டாலும் சிலர் தவறாமல் இருப்பார்கள். மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்று தெரிந்தவர் ஒருவர். உத்தர குருவாயூரப்பன் கோயிலில் இன்றைக்கு என்ன பிரசாதம் என்பதை நடை திறக்கும் முன்பே சொல்லிவிடுபவர் ஒருவர். அப்புறம், கடைசிப் பாட்டு மாமா.

மாமா கேட்பது ராக். அதிலும் ஆல்பத்தின் கடைசிப் பாட்டுதான் அவருக்குக் கணக்கு. புதிதாகக் குடிவந்த தமிழ்ப் பையன் லிஃப்டில் மாட்டினால், சொந்த ஊர் எது, ஆபீஸ் எங்கே என்றெல்லாம் கேட்கமாட்டார். "உனக்குப் பிடிச்ச கடைசிப் பாட்டு எது?" நாலாவது மாடி வருவதற்குள் பதில் வந்தாக வேண்டும். பையன் விழித்தால் விளக்கம் தொடங்கும். "முதல் பாட்டு யார் வேணா நன்னா போடலாம்ப்பா. கல்யாண வீட்டு வாசல்ல பன்னீர் தெளிக்கற வேலை அது. பந்தி முடியறச்சே மோர் புளிக்காம வந்துதா, அதைச் சொல்லு."

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். சாஸ்திரி பவன், நிர்மாண் பவன் என்று ஏதோ ஒரு பவனில் காலமெல்லாம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் சஞ்சய் ஏரியைச் சுற்றி நடக்கும்போது நெற்றியில் மூன்று கோடு விபூதி. மார்பில், துவைத்துத் துவைத்து வெளிறிய கறுப்பு டிஷர்ட்டில், பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் ஆல்பம் அட்டையில் இருக்கும், ஒளியை வானவில்லாகப் பிரிக்கும் முக்கோணக் கண்ணாடி. வானவில்லுக்கு ஏழு நிறம் என்று நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் உருப்போட்டோம் இல்லையா? 1973இல் வந்த அந்த ஆல்பத்தின் அட்டையில் ஆறுதான், கருநீலத்தை விட்டுவிட்டார்கள். அதைத் தன் மார்பிலேயே எண்ணிக் காட்டாமல் மாமா யாரையும் தாண்டிப் போனதில்லை. அந்தச் சட்டையைப் பிடிதுணியாக்க மாமி பலமுறை முயன்று தோற்றிருக்கிறார்.

பித்துக்கு மூலம் காசெட். எண்பதுகளில் எல்பி தட்டைக் காசெட்டில் பதிவு செய்து கொடுக்கும் கடைகள் தில்லியில் இருந்தன. அன்றைய சம்பளத்தில் ஒரு ஆல்பத்துக்கு ஒரு காசெட் என்பது கட்டுப்படியாகாது. 90 நிமிஷக் காசெட் வாங்கி, பக்கத்துக்கு ஒரு ஆல்பமாக ஏற்றிக்கொள்வார்கள். ஒரு பக்கம் 45 நிமிஷம். பீட்டில்ஸின் 'அபே ரோட்' ஓடுவதோ 47 நிமிஷம். 1969இல் உலகத்துக்கெல்லாம் முடிந்துவிட்ட ஆல்பம் மாமாவுக்கு மட்டும் வருஷக்கணக்கில் முடியவில்லை. 'தி எண்ட்' என்ற பாட்டு சூடு பிடிக்கிற நேரத்தில் டேப் தீர்ந்து, பட்டன் டக்கென்று மேலே எழும்பிவிடும். பேரிலேயே எண்ட் வைத்திருக்கும் பாட்டுக்கே எண்ட் கிடையாது. அறுந்துபோன அந்த நிமிஷங்களைத் தேடித்தான் மாமா பிற்பாடு ஜும்மா மசூதிப் பக்கம் பழைய இசைத்தட்டுக் குவியலுக்குள் தலையை விட்டார். இன்னும் வெளியே எடுக்கவில்லை.

தட்டு வீட்டுக்கு வந்ததும் பித்தோடு விஞ்ஞானமும் சேர்ந்துகொண்டது. அவர் வீட்டுக்குப் போனால் காபிக்கு முன்னால் ஒரு எவர்சில்வர் தட்டு வரும். தின்பதற்கு ஒன்றும் இருக்காது. அதன் ஓரத்தில் விரலை ஓட்டுவார். நிமிஷத்துக்கு 33⅓ சுற்று. ஓரத்தில் வட்டம் பெரிசு. ஒரு சுற்றில் முள் ஓட நிறைய இடம். நடுவுக்கு வர வர வட்டம் சுருங்குகிறது, சுற்றும் நேரமோ அதேதான். அதே சத்தத்தைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் அடைத்தாக வேண்டும். முதலில் அடிபடுவது உச்ச ஸ்தாயி. பாடுகிறவர் 'ஸ' என்று சொன்னால் காதில் கரகரவென்று விழும். அதனால் ஆர்ப்பாட்டமான பாட்டை ஓரத்திலும், சாதுவான பாட்டை நடுவிலும் வைப்பது எஞ்சினியர்களுக்குச் சௌகரியம். "இது தெரிஞ்சும் ஒருத்தன் கடைசில இடி இடிக்கிற பாட்டை வெக்கறான்னா அவனுக்குன்னா தில்?" என்று தட்டின் நடுவில் ஒரு தட்டு தட்டுவார். 1971இல் 'தி ஹூ' குழு தன் ஆல்பத்தை எட்டரை நிமிஷ ரகளையோடு முடித்த கதை அப்போதுதான் வரும். காபியும் அப்போதுதான் வரும், ஆறி.

அதே வருஷம் லெட் ஸெப்பெலினின் நாலாவது ஆல்பம். அதன் கடைசிப் பாட்டு 'வென் த லெவி பிரேக்ஸ்', கரை உடைகிற பாட்டு. 1927 மிஸிஸிப்பி வெள்ளத்தைப் பற்றி மெம்ஃபிஸ் மின்னியும் கன்ஸாஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிவு செய்த ப்ளூஸ்தான் மூலம். ஸெப்பெலின்காரர்கள் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய பங்களாவின் மாடிப்படிக் கூடத்தில் டிரம்ஸை வைத்து, மேலேயிருந்து மைக்கைத் தொங்கவிட்டு அடித்தார்கள். அந்த முழக்கம் நம் சொசைட்டி மாடிப்படியிலும் வருமா? ஒரு ஞாயிறு மத்தியானம் மாமா கீழே சர்க்கரைப்பொங்கல் அண்டாவைக் கவிழ்த்துப்போட்டு, மூன்றாம் மாடியிலிருந்து செல்போனைக் கொடிக்கயிற்றில் இறக்கி, அடித்தார். வந்தது. கூடவே செக்யூரிட்டியும், தூக்கம் கலைந்த ஒரு கர்னலும் வந்தார்கள்.

2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டருக்கு ஏறி, 1978இன் 207.49ஐயும் தாண்டிவிட்டது. மயூர் விஹாருக்கும் ஆற்றுக்கும் குறுக்கே இருப்பது புஷ்தா என்கிற கரைதான். கரைக்கு அந்தப் பக்கம் ஆற்றுமணலில் பயிர் வைத்திருந்தவர்கள் மூட்டை முடிச்சோடு சாலையோரக் கூடாரங்களுக்கு வந்துவிட்டார்கள். மாமா கரை உடைகிற அந்தப் பாட்டைத் தட்டில் வைத்தார். ஒரு நிமிஷம் ஓடியிருக்காது. "நல்ல நாள்லயே நாலு பேர் நம்மளை ஒரு மாதிரி பாக்கறா. நாளைக்குக் கரை உடைஞ்சா இந்தாத்துப் பாட்டாலதான்னு சொல்லுவா" என்று மாமி பிளக்கைப் பிடுங்கி, எலுமிச்சஞ்சாத டப்பாக்களைக் கையில் கொடுத்துக் கூடாரத்துக்கு அனுப்பினார். போன இடத்தில் அவர் யாரிடமும் பிடித்த கடைசிப் பாட்டு எது என்று கேட்கவில்லை. இதை மாமாவின் கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும்.

பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' கேட்கிற நாளில் வீட்டில் ஊரடங்கு. 1967இல் வந்த அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, பல கைகள் பியானோக்களில் ஒரே சமயத்தில் அடித்த ஒரே ஒரு சுரக்கூட்டில் முடிகிறது. நாற்பது விநாடிக்கு மேல் அது தேய்ந்துகொண்டே போகும். தேயத் தேய எஞ்சினியர் ஒலியளவை ஏற்றிக்கொண்டே போனதால், ஸ்டுடியோவில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டதும் பதிவாகிவிட்டது. அந்தக் கிறீச்சைக் கேட்டுவிடுவதே மாமாவின் ஜன்ம லட்சியம். ஃபேன் நிற்கும். ஜன்னல் சாத்தப்படும். விரல் உதட்டுக்குப் போகும். முப்பதாவது விநாடியில் அடுப்படியிலிருந்து குக்கர்.

"இவ வேணும்னே பண்றா."

"பருப்பு வேக வேண்டாமா?"

குக்கர் வைக்காத நாளில் தெருவில் "கபாடீ..." என்று பழைய பேப்பர்காரர் வருவார். அவரும் வராத நாளில் கரண்ட் போகும். மயூர் விஹாரில் அந்த நாற்காலி இதுவரை கிறீச்சிடவில்லை.

விவரம் தெரிந்தவர்களைக் கவிழ்க்க மாமாவிடம் ஒரு பொறி உண்டு. குவீன் குழுவின் 'எ நைட் அட் தி ஆப்பெரா', 1975. கடைசிப் பாட்டு எது? எல்லோரும் 'பொஹீமியன் ராப்சடி' என்பார்கள். மாமாவின் முகத்தில் பரம திருப்தி. அதற்கும் பின்னால் பிரிட்டிஷ் தேசிய கீதத்தை பிரையன் மே கிட்டாரில் வாசித்திருக்கிறார், ஒரு நிமிஷச் சொச்சம். "நம்மூர்ல அந்தக் காலத்துல சினிமா முடிஞ்சு ஜன கண மன போடறச்சே பாதி தியேட்டர் சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடிண்டிருக்கும். நீயும் அந்தக் கோஷ்டிதான்" என்று தீர்ப்பு சொல்லிவிடுவார்.

தமிழில் ஏதாவது உண்டா என்று கேட்டால் கொஞ்சம் தடுமாறுவார். சினிமாக் காசெட்டில் ஒரு பக்கம் ஒரு படம், மறு பக்கம் வேறு படம். கடைசியில் ஒலிப்பது முன்பின் தெரியாத இன்னொரு கதாநாயகனின் பாட்டு. இதில் மாமாவின் சாஸ்திரம் செல்லாது. ஆகவே 1986இல் இளையராஜா செய்த 'ஹவ் டு நேம் இட்'டுக்குப் போய்விடுவார். பாக்கையும் தியாகராஜரையும் ஒரே வீட்டில் கூட்டி உட்காரவைத்துவிட்டு, கடைசி உருப்படிக்கு 'டூ எனிதிங்' என்று பேர் வைத்திருக்கிறார் ராஜா. அந்தப் பேரைச் சொல்லும்போது மாமா இரண்டு கையையும் விரிப்பார். அத்தோடு தமிழ் அத்தியாயம் முடிந்தது.

அவருடைய ஜன்ம வைரி, பாட்டு வரிசையைக் கலைத்துப்போடும் ஷஃபிள். பெங்களூரில் இருக்கும் பெண் போனில் பாட்டு கேட்கிற முறையைப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. கடைசிப் பாட்டு மூன்றாவதாக வருகிறது. முடிந்த மறு விநாடி யாரோ லோன் தருகிறேன் என்கிறான். 2021 நவம்பரில் பாடகி அடேல் கேட்டுக்கொண்டதால் ஸ்பாட்டிஃபையில் ஆல்பங்களுக்கு ஷஃபிள் பட்டனை முன்னணியிலிருந்து எடுத்தார்கள் என்ற செய்தி வந்ததும், மாமா அந்த அம்மாளுக்குக் கோயிலில் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். நட்சத்திரம் தெரியாததால் சுவாமி பேருக்கு. அடேலின் பாட்டு ஒன்றைக்கூட அவர் கேட்டதில்லை.

மாமியின் விமர்சனம் ஒரே வரிதான். அவர் தினம் விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்கிறவர். "பலஸ்ருதி கடைசிலதான் வரும், வாஸ்தவம். அதுக்காக ஆயிரம் நாமத்தையும் விட்டுட்டு பலஸ்ருதியை மட்டும் படிச்சா பெருமாள் ஏமாந்துடுவாரா?" இதற்கு மாமாவிடம் பதில் இல்லை. நவராத்திரிக் கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது சுண்டல் வரிசையில் நின்றுவிட்டு, மங்களத்துக்குச் சரியாக வந்து முன்வரிசையில் உட்காருகிற ஆள் அவர்.

முடிவைப் பற்றி இவ்வளவு பேசுகிறவருக்கு ஒரு வீட்டை விட்டு முடித்துக்கொண்டு கிளம்பத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. சோபாவில் ஒரு தரம் வரேன் என்பார். செருப்பு மாட்டும்போது இன்னொரு தரம், அதற்குள் டோர்ஸ் குழுவின் பதினோரு நிமிஷ 'தி எண்ட்'டை கொப்போலா ஒரு சினிமாவின் ஆரம்பத்தில் வைத்த அநியாயம் நினைவுக்கு வந்துவிடும். லிஃப்ட் வாசலில், கதவைக் காலால் தடுத்துக்கொண்டு, 'அபே ரோட்' மறுபடி வரும். அதில் பீட்டில்ஸின் 'தி எண்ட்' முடிந்து சுமார் பதினாலு விநாடி நிசப்தம். எல்லாம் தீர்ந்தது என்று நினைக்கும்போது 'ஹெர் மெஜஸ்டி' என்று 23 விநாடித் துணுக்கு ஒன்று. வேண்டாம் என்று வெட்டிய டேப். எதையும் தூக்கிப் போடக் கூடாது என்று உத்தரவு இருந்ததால் ஒரு எஞ்சினியர் அதை வால்பக்கம் ஒட்டிவைத்தார். பீட்டில்ஸ்காரர்களுக்கு அது பிடித்துப்போய் அப்படியே தங்கிவிட்டது. "ஒரு டேப்புக்கு வந்த யோகத்தைப் பாத்தேளா சார்" என்று லிஃப்டுக்குள் மறைவார்.

நாம் கதவைச் சாத்தித் தாழ் போடுவோம். டிவியைப் போடக்கூட நேரமிருக்காது, மணி அடிக்கும்.

"வந்த காரியத்தை மறந்துட்டேனே. ரெண்டு குவார்ட்டர் மெயின்டனன்ஸ் பாக்கி நிக்கறது. நான்தானே பொருளாளர், என்னைத்தான் கேக்கறா. செக் தரேளா, ஜீபே பண்றேளா?"